பூக்காரத் தெருக் கிணறு

தண்ணீரில் மருந்து இருக்கிறதா என்று பார்ப்பது சேக் மைதீனின் வேலை. இருந்தால் ஜனங்களுக்குப் பிடிக்காது, இல்லாவிட்டால் ஆபீஸுக்குப் பிடிக்காது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளத்தையாவது கச்சேரி முடிந்ததும் உறை போட்டு மூலையில் வைப்பார்கள். மைதீனுக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. சித்திரைத் தேர் முடிந்தால் ஆடிப் பெருக்கு, அது முடிந்தால் ஐப்பசி மழை, பிறகு வைகுண்ட ஏகாதசி. கூட்டம் கூடுகிற இடத்தில் எல்லாம் காலராவும் கூடவே வண்டி ஏறி வந்துவிடும் என்று சுகாதார ஆபீஸில் பயம். பயம் நியாயமானதுதான். அதற்காக சைக்கிள் மிதிக்கிற கால் மட்டும் மைதீனுடையது.

ஒரு காலத்தில் அவர் மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சோடாக் கம்பெனியில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தார். கண்ணாடி உடையாத கை என்று பெயர். அந்தக் கையைப் பார்த்துத்தான் ஆபீஸில் கூப்பிட்டு ஒரு மரப்பெட்டியைக் கொடுத்தார்கள். பெட்டிக்குள் சில கண்ணாடிக் குழாய்கள், ஒரு பழுப்பு நிறப் பாட்டில். பாட்டிலில் இருந்த திராவகத்துக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. மைதீன் அதைச் சொட்டு மருந்து என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

வேலை இதுதான். முதல் நாள் பொழுது சாய்ந்ததும் பிச்சை என்கிற ஆள் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்துக் கிணறு கிணறாக ஊற்றிக்கொண்டு போவான். மறுநாள் மைதீன் வந்து அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குழாயில் பிடிப்பார். வெள்ளைக் காகிதத்தின் முன்னால் குழாயை நிறுத்தி, தண்ணீர் வெறுமனே எப்படி இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு சொட்டு மருந்து. ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் காத்திருந்தால் தண்ணீர் மெல்ல மஞ்சளாகும். வைக்கோல் ஊறிய தண்ணீர் மாதிரி லேசான மஞ்சள் வந்தால் மருந்து இன்னும் மிச்சம் இருக்கிறது, குடிக்கலாம் என்று அர்த்தம். கிணற்றுச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்த கிணற்றுக்குப் போவார். நிறமே வராவிட்டால் மருந்து இல்லை. பிச்சை திரும்ப வர வேண்டும்.

ஆரம்ப வருஷங்களில் வெள்ளைக் காகிதத்தை ஒருநாளும் மறந்ததில்லை. பழகப் பழகப் பாலும் புளிக்கும். யுத்தம் வந்து, சைக்கிள் டயர் கிடைக்காமல் போய், இரண்டு ஆள் பார்த்த வேலையை ஒரே ஆள் பார்க்கும்படி ஆனபோது, அந்தக் காகிதம் பெட்டியின் அடியில் மடிந்தே கிடந்தது.

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. ஸ்ரீரங்கத்துத் தெருக்களில் மைதீன் எந்தக் கிணற்றின் கயிற்றையும் தொடக்கூடாது. வீட்டுக்காரர்கள் இறைத்துக் கொண்டுவந்து, குழாயில் படாமல் மேலே இருந்து ஊற்றுவார்கள். உத்தர வீதியில் கோதைநாயகி அம்மாள் என்று ஒருவர். அவர் இரண்டு படி மேலே நின்றபடி அவ்வளவு உயரத்திலிருந்து ஊற்றுவார். பாதி தண்ணீர் குழாயிலும் பாதி மைதீனின் சட்டையிலும் விழும். “பெருமாள் தீர்த்தம் ஓய், சிந்தப்படாது” என்று அதற்கும் மைதீனுக்கே அதட்டல் கிடைக்கும். மைதீன் சண்டை போடுகிறவர் இல்லை. வெயிலுக்கு அந்த நனைந்த சட்டை நல்லது என்று போய்விடுவார்.

காலையிலிருந்து மதியம் வரைக்கும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பவருக்குக் குடிக்க ஒரு வாய் தண்ணீர் கொடுக்க அந்தத் தெருக்களில் யாருக்கும் தோன்றியதில்லை. பொல்லாதவர்கள் என்று சொல்ல முடியாது. மருந்து கொண்டுவருகிறவனுக்குத் தாகம் எடுக்கும் என்று அவர்கள் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

நினைத்தவள் ஒருத்தி இருந்தாள். கொள்ளிடக் கரைப் பக்கம், ஊர் முடிந்து நந்தவனங்கள் தொடங்குகிற இடத்தில் பூக்காரத் தெரு. அதன் நடுவில் ஒரு பொதுக் கிணறு, கிணற்றுக்கு எதிரே செண்பகவல்லியின் வீடு. புருஷன் சின்னையா தோட்டத்தில் பூப் பறிப்பான், அவள் கட்டுவாள். மைதீனின் சுற்றில் கடைசிக் கிணறு அதுதான். அவள் குழாய்க்குத் தண்ணீர் ஊற்றிய கையோடு, “கையைக் குவிங்கண்ணே” என்பாள். அவர் குனிந்து கை குவித்து வயிறு நிறையக் குடிப்பார். பாய் என்று ஊரே கூப்பிட்டது. அண்ணே என்று கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான். வெயில் காலத்தில் உத்தர வீதியில் சட்டை நனையும்போதே மைதீன் அந்தக் கடைசிக் கிணற்றை நினைக்கத் தொடங்கிவிடுவார். வேலையில் அவருக்கு மிச்சம் இருந்த ஆசை அது ஒன்றுதான்.

அவளுக்கும் அவருக்கும் ஒரே ஒரு வழக்கு. மருந்து போட்ட தண்ணீர் நாறுகிறது என்பாள் அவள்.

“இவ்வளவுண்டு மருந்து மூக்குக்குத் தெரியாது தங்கச்சி. இந்தச் சொட்டுக்கு மட்டும்தான் தெரியும்.”

“உங்க மூக்குக்குத் தெரியாதுண்ணே. பூவுக்குத் தெரியும். இந்தத் தண்ணியத் தெளிச்சுத்தான் நாங்க பூவை வாடாம வச்சிருக்கோம்.”

“பூ நாறுதா? மோந்து பார்த்தியா?”

“பெருமாளுக்குச் சாத்துற பூவை மோந்து பார்ப்பாங்களா? என்னண்ணே பேசுறீங்க.”

அதோடு வழக்கு நின்றுவிடும். பூ நாறுகிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள வழியே கிடையாது. கட்டுகிறவள் முகரக்கூடாது, கோயிலில் அதை வாங்கி உள்ளே அனுப்புகிற மணியக்காரர் அழகியமணவாளனும் முகரக்கூடாது. பெருமாள் ஒருவருக்குத்தான் தெரியும், அவர் இதுவரை எதுவும் சொன்னதில்லை. ஆனால் செண்பகவல்லியின் பயம் நிஜம். சித்திரைத் தேரன்று காலையில் சாத்துகிற மல்லிகை மாலைகளில் ஒரு கூடை அவள் வீட்டு முறை. சின்னையாவின் அப்பன் காலத்திலிருந்து வருகிற முறை. அந்த ஒரு நாள் மாலைக்காக அந்த வீட்டுக்குத் தெருவில் ஒரு மரியாதை இருந்தது. அது மருந்து நாற்றத்தோடு உள்ளே போய்விட்டால் அவளுக்கு உயிர் போன மாதிரி.

அந்த வருஷம் தேருக்கு முதல் நாள் மதியம் மைதீன் கடைசிக் கிணற்றுக்கு வந்தபோது அவருக்கு நிற்கவே முடியவில்லை. சைக்கிள் பஞ்சராகி, ஒட்டுகிற கடை வரும் வரைக்கும் பாதி ஊரைத் தள்ளிக்கொண்டே சுற்றியிருந்தார். தெருவெல்லாம் வேப்பிலைத் தோரணம். தெருக்கோடி மாரியம்மனுக்கு அன்றைக்கு மஞ்சள் குடம் எடுக்கிற நாள். அதைத் தேரோடு சேர்த்து வைத்துக்கொள்வது அந்தத் தெரு வழக்கம். முதல் நாள் அம்மனுக்கு ஒரு குடம், மறுநாள் பெருமாளுக்கு ஒரு கூடை. இரண்டு பேரையும் அவர்கள் பகைத்துக்கொள்ளவில்லை.

செண்பகவல்லி கோயிலிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். இடுப்பில் இருந்த பித்தளைக் குடத்தையே கிணற்றில் விட்டு இறைத்து, குழாயில் ஊற்றினாள். கழுத்து முழுக்க மஞ்சள் அப்பிய குடம். மைதீன் அதைப் பார்த்தார். பார்த்தார் என்றால் கண்ணில் பட்டது, அவ்வளவுதான். வந்ததிலிருந்து மஞ்சள் பூசாத குடம் எதையும் அந்தத் தெருவில் அவர் பார்க்கவில்லை.

காகிதத்தை எடுக்கவில்லை. சொட்டு மருந்தை விட்டார். தண்ணீர் மஞ்சளாக இருந்தது. வெற்றிலை மெல்லும் நேரம்கூட ஆகவில்லை.

செண்பகவல்லி ஏனோ அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானை நுனியைக் கையில் முறுக்கிக்கொண்டிருந்தாள்.

“இருக்கு. சரி” என்றார் மைதீன். சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டார்.

அவள் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. “நல்லா இருப்பீங்கண்ணே” என்றாள். குடத்தின் உள்ளே மட்டும் அலசிவிட்டு, இறைத்துவந்து அவர் குவித்த கையில் ஊற்றினாள். வழக்கத்தைவிடக் கூடுதலாக, போதும் போதும் என்கிற வரைக்கும் ஊற்றினாள். மைதீனுக்கு எதுவும் விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளும் தெம்பும் இல்லை. குழாயை அலசாமலேயே பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

வீடு காவேரிக்கு அந்தப் பக்கம், நத்தர்ஷா பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில். வந்ததும் சட்டையைக் கழற்றாமல் படுத்துவிட்டார். குழாய்களைக் கழுவுவது எப்போதும் மனைவி ஹாஜிராதான். சலவைச் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஒவ்வொன்றாக முக்கி எடுப்பாள். சாயங்காலத் தொழுகையான அஸருக்குப் பாங்கு சொல்லி முடித்திருந்த நேரம் அவள் முற்றத்திலிருந்து கூப்பிட்டாள்.

“ஏங்க, இந்த ஒண்ணு மட்டும் ஏன் செவக்குது?”

“என்ன செவக்குது?”

“ஆலம் கரைச்ச தண்ணி மாதிரி இருக்கு. மஞ்சளை எதுக்கு இதுல போட்டீங்க?”

மஞ்சளில் சுண்ணாம்போ சோடாவோ பட்டால் சிவக்கும் என்பது ஆரத்தி எடுக்கிற எந்த வீட்டுக்கும் தெரியும். மைதீனுக்கும் தெரியும். எழுந்து போய்க் குழாயைக் கையில் வாங்கினார். அடியில் ஒட்டியிருந்த கசடு செக்கச் செவேலென்று கரைந்துகொண்டிருந்தது. மருந்துக்கு வந்த மஞ்சள் இல்லை அது. குடத்து மஞ்சள். யானைக்கும் அடி சறுக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த நேரத்தில் அவருக்குக் கோபம் வந்திருக்கும். சறுக்கவில்லை. நன்றாகத் தெரிந்த படியைப் பார்க்காமல் இறங்கியிருந்தார்.

மருந்து இருந்ததா இல்லையா என்பதே இப்போது தெரியாது. திண்டாட்டம் அதுதான். இருந்திருக்கவும் கூடும். பிச்சை ஊற்றியிருப்பான். ஊற்றியிருந்தால் போய்ப் பார்ப்பது வீண். மைதீன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். காவேரிப் பாலம் எவ்வளவு நீளம் என்று முழங்காலுக்குத் தெரியும். போகாமல் இருக்க எத்தனை காரணம் உண்டோ அத்தனையும் வரிசையாக வந்து நின்றன. எல்லாமே நியாயமான காரணங்கள்.

“நாளைக்குப் பார்த்துக்கிட்டா என்ன?” என்றாள் ஹாஜிரா. அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை.

“நாளைக்குத் தேரு.”

சட்டை கழற்றாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று. அப்படியே கிளம்பினார்.

பிச்சையின் குடிசை ஓடத்துறையில். மைதீனைப் பார்த்ததும் அவன் எழுந்து நின்ற தினுசிலேயே பதில் கிடைத்துவிட்டது.

“பூக்காரத் தெருவுல ஊத்துனியா?”

பிச்சை தலையைச் சொறிந்தான். “அந்தம்மா கைய எடுத்துக் கும்பிட்டுச்சு பாய். தேரு முடியட்டும், சாமிக்குப் போற பூவுன்னுச்சு. ஊரெல்லாம் ஊத்தியாச்சு, ஒரு கெணறுதானேன்னு விட்டுட்டேன். நீங்க பார்த்தா சொல்லுவீங்க, அப்ப ஊத்திக்கலாம்னு நெனச்சேன். நீங்க ஒண்ணும் சொல்லல.”

“பவுடரை எடு” என்றார் மைதீன். அவனைத் திட்ட அவருக்கு வாய் வரவில்லை. எந்த வாயால் திட்டுவது?

பாலம் முழுக்க மாட்டு வண்டிகள். தேர் பார்க்க வருகிற கிராமத்து ஜனம், சட்டி பானையோடு, கோழிக்கூண்டோடு. வண்டிக்குள் குழந்தைகள் ஒன்றின் மேல் ஒன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தன. சைக்கிளை மிதிக்க இடமில்லை, தள்ளிக்கொண்டுதான் போக முடிந்தது. இவர்கள் எந்தத் தண்ணீர் எதிர்ப்பட்டாலும் குடிப்பார்கள். கிணற்றுச் சுவரில் வட்டம் இருக்கிறதா என்று பார்த்துக் குடிக்க அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன? அந்தச் சுவரில் வட்டம் இருக்கிறது. அவரே போட்டது.

பூக்காரத் தெருவுக்கு வந்தபோது வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது. கொள்ளிடத்தைக் கடந்து வந்த ஒரு கூட்டம் புன்னை மரத்தடியில் அடுப்பு மூட்டியிருந்தது. இரண்டு பெண்கள் கிணற்றில் இறைத்துக்கொண்டிருந்தார்கள். செண்பகவல்லி வாசலில் பாய் விரித்து, குவித்த மல்லிகை மொட்டுக்கு நடுவில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தாள். மைதீனைப் பார்த்து முகம் மலர்ந்தாள். பின்னால் வாளியோடு பிச்சையைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

“என்னண்ணே?”

“குடத்தைத் தேய்ச்சுக் கழுவி ஒரு தடவ தண்ணி ஊத்து தங்கச்சி.”

அவள் எழுந்திருக்கவில்லை. “மத்தியானம்தான் பார்த்தீங்களே. பார்த்துட்டு, எங்களுக்காகப் பார்க்காத மாதிரி விட்டீங்களே. பிச்சை ஊத்தலைன்னு உங்களுக்குத் தெரிஞ்சும், இருக்குன்னு சொன்னீங்க. நீங்க போனப்புறம் அம்மன்கிட்ட உங்க பேரைச் சொல்லி வேண்டிக்கிட்டேண்ணே. இப்ப ஏன் திரும்பி வந்து நிக்கிறீங்க?”

முந்தானையை முறுக்கியதும், கண் கலங்கியதும், கை நிறைய ஊற்றியதும் மைதீனுக்கு அப்போதுதான் விளங்கின. அவள் நினைத்துக்கொண்டிருக்கிற அந்த நல்ல மனுஷனாகவே இருந்துவிட்டால் என்ன என்று ஒரு கணம் ஆசை வந்தது. மேலே இருந்து உத்தரவு வந்துவிட்டது, நான் என்ன செய்வேன் என்று ஒரு பொய் சொன்னால் போதும். மருந்தும் ஊற்றியாகும், அண்ணனும் பிழைப்பான்.

“நான் விடலம்மா. எனக்குத் தெரியல. உன் குடத்து மஞ்சளப் பார்த்து மருந்துன்னு நெனச்சுட்டேன். அசதி. சரியாப் பார்க்கல.”

அவள் அவரையே பார்த்தாள். “அப்ப எங்களுக்காக இல்ல.”

“இல்ல.”

“தெரிஞ்சிருந்தா?”

“தெரிஞ்சிருந்தா மத்தியானமே ஊத்தச் சொல்லியிருப்பேன்.”

சின்னையா உள்ளேயிருந்து வந்து என்ன என்று கேட்டான். செண்பகவல்லி எழுந்தாள். குடத்தை எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். மஞ்சள் எல்லாம் சிவப்பாக வழிந்து ஓடுகிற வரைக்கும் தேய்த்தாள். இறைத்துவந்து ஊற்றினாள். மைதீன் பெட்டியின் அடியிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்தார். சொட்டு விட்டார். எவ்வளவு நேரம் காத்திருந்தும் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

பிச்சை வாளியைக் கிணற்றில் இறக்கினான். மரத்தடிக் கூட்டத்தில் ஒரு கிழவர் மட்டும் முணுமுணுத்தார். செண்பகவல்லி இடுப்பில் ஒரு குடமும் தலையில் ஒரு குடமுமாகக் கொள்ளிடத்துப் பக்கம் நடந்தாள். சித்திரையில் கொள்ளிடம் என்பது முக்கால்வாசி மணல். தண்ணீர் எதிர்க்கரை ஓரமாக நூல் பிடித்தாற்போல் ஓடும். மைதீன் கைப்பெட்டியோடு நின்று அவள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கி உதவலாம் என்றால் குடத்தைத் தொடக்கூடாது.

ஆற்றுத் தண்ணீர் பூவுக்குப் போதவில்லை. அந்தப் புழுக்கத்தில் விடிவதற்குள் மொட்டெல்லாம் தளர்ந்துவிட்டது. வாடின மாலை தேருக்கு ஆகாது என்று அழகியமணவாளன் கூடையைத் திருப்பி அனுப்பிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, வாடின பூ வாடின பூதான். கீழத்தோட்டத்தில் ஆண்டி என்கிற பூக்காரன் வீட்டிலிருந்து அவசரத்துக்கு ஒரு கூடை வாங்கினார்கள். அடுத்த வருஷமும் அவர்களையே கேட்டார்கள். முறை என்பது அப்படித்தான், ஒரு தடவை கை மாறினால் போதும்.

தேர் நல்லபடியாக நிலைக்கு வந்தது. அந்த வருஷம் ஸ்ரீரங்கத்தில் ஒருவருக்கும் காலரா வரவில்லை. ஆபீஸில் மேலதிகாரி, “ஒரு கேஸ்கூட இல்லை. யுத்த காலத்தில் இவ்வளவு பவுடரைக் கொட்டியிருக்க வேண்டாம் போலிருக்கு” என்று குறைப்பட்டுக்கொண்டார். வந்த நோய்க்கு ஆயிரம் சாட்சி உண்டு. வராத நோய்க்கு எவனைக் கூப்பிடுவது? பூக்காரத் தெருக் கிணற்றில் கெட்டது ஏதாவது இருந்ததா என்று மைதீனுக்கே தெரியாது. அவள் வீட்டு முறை போனது மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

அதற்கப்புறமும் மாதத்துக்கு ஒருமுறையாவது அவர் அந்தக் கிணற்றுக்குப் போக வேண்டியிருந்தது. செண்பகவல்லி தண்ணீர் ஊற்ற மாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவர் தலை தெரிந்ததும் குடத்தை எடுத்து அவர் கண் முன்னாலேயே தேய்ப்பாள். தேய்த்த குடத்தை மறுபடி தேய்ப்பாள். இறைத்து வந்து குழாயில் துல்லியமாக ஊற்றுவாள், ஒரு சொட்டு வெளியே சிந்தாது. அவர் காகிதத்தைப் பிரித்துப் பார்த்து, சொட்டு விட்டு, காத்திருப்பார். லேசான மஞ்சள், வைக்கோல் ஊறின மாதிரி.

“இருக்கா?”

“இருக்கும்மா.”

“சரி பாய்.”

மிச்சத் தண்ணீரைத் துளசிச் செடிக்கு ஊற்றிவிட்டு உள்ளே போய்விடுவாள். முதல் தடவை மைதீன் பழக்கத்தில் குனிந்து கையைக் குவித்துவிட்டார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. குவித்த கையைப் பிரித்து வேட்டியில் துடைத்துக்கொண்டார், அதில் ஈரமே இல்லை.

அன்று திரும்பும் வழியில் அம்மா மண்டபம் பக்கம் தெருக்குழாய் ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும் திறந்து குடிக்கலாம், கேட்பார் கிடையாது. சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் குழாயைத் திருகி, தன் கையாலேயே பிடித்து வாய்க்குக் கொண்டுபோனார். அன்று காலையில்தான் அதையும் பார்த்து, சரி என்று சொல்லியிருந்தார். இத்தனை வருஷத்தில் தெரியாதது அன்றைக்குத் தெரிந்தது. தண்ணீர் நாறியது. லேசாகத்தான், ஆனால் நாறியது.

அவள் சொன்னது சரிதான். மைதீன் மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்தார்.